நீரும் மலையும்
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய பொழிவு)



ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் நாளில் பேசுதற்குரிய பொருள்கள் பல உள. சங்கப் பாட்டும் காப்பியமும் புதுக்கவிதையும் எல்லா மேடைகளிலும் பேசப்படுகின்றன. வட்டம் கூடுகின்ற மண்ணைப் பற்றிப் பேசுவோர் குறைவு. தாம்பரமும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் இன்று மாநகரின் தென்வாயில். மின்வண்டி நெரிசலும், நெடுஞ்சாலையின் இரைச்சலும், அடுக்கு மாடிகளுமே இவற்றின் முகமாகக் கண்ணிற் படுகின்றன. ஆயினும் மூன்று தலைமுறைக்கு முன்பு வரை இவை மலையடிவாரத்துச் சிற்றூர்கள், ஏரிக்கரைக் குடியிருப்புகள். அந்த மலைகளும் ஏரிகளும் எங்கும் போய்விடவில்லை. அவற்றை மறந்துவிட்டதனால் விளைந்தது என்ன என்பதே இப்பொழிவின் பொருள்.

பெயரே சான்று

முதற்கண் திருநீர்மலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்றாகிய அவ்வூரின் பெயரிலேயே நீரும் மலையும் கைகோத்து நிற்கின்றன. அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள்; குன்றின் மேல் அரங்கநாதர். திருமங்கையாழ்வார் இங்கு வந்தபோது குன்றைச் சுற்றிலும் வெள்ளம் சூழ்ந்திருந்ததாகவும், அது வடியும்வரை ஆறு திங்கள் காத்திருந்து வழிபட்டதாகவும் தலமரபு கூறும். இது வரலாறா, பக்தி மரபா என்று வழக்காட வேண்டுவதில்லை. மழைக்காலத்தில் அக்குன்று நீர் நடுவே தீவுபோல நிற்கும் என்பதை அவ்வூரார் கண்டறிந்திருந்தனர். அறிந்ததைக் கதையாக்கி வைத்தனர். 'இங்கே நீர் வரும்; வந்தால் உடனே வடியாது' என்பதே அக்கதை பின்வந்தோர்க்குச் சொல்லும் செய்தி.

பிற ஊர்ப்பெயர்களும் இவ்வாறே பேசுகின்றன. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் அதில் இணைந்தன. செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என அப்பட்டியலைப் படித்தாலே நிலத்தின் இயல்பு புலப்படும். நெய்தல் நிலத்து ஊரைப் பாக்கம் என்பது இலக்கிய மரபு. தொண்டை நாட்டிலோ ஏரிக்கரை ஊர்கள் பலவும் அப்பெயரைப் பூண்டன. இரும்புலியூர், வேங்கைவாசல் என்னும் பெயர்களில் புலியும் வேங்கையும் இன்றும் குடியிருக்கின்றன. அங்கு வாழ்வோர் மட்டும் அவற்றைக் கவனிப்பதில்லை.

கல்லின் முதுமை

இம்மலைகள் உயரத்தால் பெரியன அல்ல. பல்லாவரம், திரிசூலம், தாம்பரத்துப் பச்சைமலை, வண்டலூர்க் குன்றுகள் ஆகியவற்றை மேற்குத் தொடர்ச்சி மலை கண்டவர்கள் மேடு என்றே சொல்லக்கூடும். ஆயின் முதுமையால் இவை எவற்றிற்கும் இளைத்தவை அல்ல. இங்குள்ள கருங்கல் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமை வாய்ந்தது. கல்கத்தாவில் அடக்கம் செய்யப்பட்ட ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக்கு இப்பகுதிக் கல்லே சென்றது. அக்கல்லறையைக் கொண்டுதான் தாமஸ் ஹாலண்ட் என்னும் நிலவியலார் 1890-களில் இப்பாறை வகைக்குச் சார்னாக்கைட் எனப் பெயரிட்டார். பரங்கிமலை – பல்லாவரப் பகுதியின் பாறை உலக நிலவியல் நூல்களில் இடம்பெற்ற வரலாறு இது.

1863 மே 30 அன்று இராபர்ட் புரூஸ் பூட் பல்லாவரத்துச் செம்பூரான் சரளையில் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் தொல்பழங்கால ஆய்வு அந்த ஒரு கல்லிலிருந்து தொடங்கியது. அதே ஊரின் குன்றில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குடைவரை உள்ளது. மன்னனின் விருதுப் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. இன்று அது இசுலாமியர் வழிபடும் தர்காவாகத் திகழ்கிறது. மாடம்பாக்கத்துத் தேனுபுரீசுவரர் கோயில், யானையின் பின்புறம் போன்ற வளைந்த அமைப்புடைய தூங்கானை மாடமாகச் சோழர் காலத்தில் எழுந்தது. கருவி செய்தவனும் குடைவரை கண்டவனும் கோயில் எடுத்தவனும் ஒரே காரணம் பற்றியே இங்கு வந்தனர். கல் இருந்தது, கல்லின் அடியில் நீர் இருந்தது.

ஏரி என்னும் ஏற்பாடு

ஏரி என்பது தானே அமைந்த நீர்நிலை அன்று. மலைச்சரிவில் வழியும் மழைநீரை மூன்று புறம் நிலத்தின் உயரத்தாலும், ஒரு புறம் மனிதன் இட்ட கரையாலும் தடுத்து நிறுத்தும் ஏற்பாடு அது. நீர் வந்து சேரும் வழி வரத்துக் கால்வாய். பாசனத்திற்கு நீர் விடும் வாயில் மதகு. மிகுந்த நீர் கரையை உடைக்காமல் வழிந்தோடக் கட்டிய கல்லணை கலங்கல். அது பாயும் நிலம் ஆயக்கட்டு. சிறிய ஏரி தாங்கல். வயலுக்கு வயல் நீரைப் பகிர்ந்தளித்தவன் நீர்க்கட்டி. உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்திற்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பத்தாம் நூற்றாண்டிலேயே வகுத்து வைத்தன. மதுராந்தகத்தில் கரை உடையாமல் இராமபிரானே காத்தார் என்று மக்கள் நம்பி, அவரை ஏரி காத்த இராமர் என்று அழைக்கின்றனர். ஏரிக் கரைக்குத் தெய்வத்தையே காவல் வைத்த நாடு தொண்டை நாடு.

இவ்வேரிகள் தனித்தனியானவை அல்ல. மேலேரியின் கலங்கலில் வழிந்த நீரே கீழேரிக்கு வரத்து. தாம்பரம் நிலம் இரு புறமும் சரியும் முதுகுபோல் அமைந்தது. மேற்கே இரும்புலியூர், பீர்க்கன்காரணை ஏரிகளின் மிகுநீர் முடிச்சூர் வழியாக அடையாற்றை நாடும். ஆதனூர், மணிமங்கலம் பகுதிகளின் நீரும் அதனோடு கூடும். கிழக்கே சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம் ஏரிகளின் நீர் செம்பாக்கத்தை அடையும். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் எனப் படிப்படியாக இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் தேங்கும். பின்னர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயைச் சேர்ந்து, கோவளத்தில் கடல் புகும்.

கவிஞர்கள் இவ்விடத்துச் சற்று நின்று நோக்க வேண்டும். பச்சைமலையிலிருந்து புறப்படும் மழைத்துளி முதலில் குறிஞ்சி காண்கிறது. சேலையூர்ப் புதர்க்காட்டில் முல்லை காண்கிறது. செம்பாக்கத்து நன்செயில் மருதம் கண்டது. பள்ளிக்கரணையிலும் கோவளத்திலும் நெய்தல் காண்கிறது. நூல்களில் வெவ்வேறு நாட்டு நிலங்களாகத் தோன்றும் நானிலமும் இங்கே ஒரு பகல் நடையில் அடங்கியிருந்தன. திணை என்பது ஏட்டில் மட்டும் உள்ள வகுப்பு அன்று. நீர் செல்லும் வழி என்று இந்நிலம் கற்பிக்கிறது.

காற்றையும் நீரையும் நாடி வந்தவர்கள்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இச்சிற்றூர்களை நாடிச் சிலர் வந்தனர். அவர்களுள் தமிழுலகம் முதலில் நினைக்க வேண்டியவர் மறைமலையடிகள். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 1898 முதல் 1911 வரை தமிழாசிரியராக விளங்கிய அவர், அப்பணியை விடுத்துப் பல்லாவரத்தில் குடியேறினார். நகரத்தை விட்டுச் சிற்றூர் வந்தவர் ஒதுங்கிக் கிடக்கவில்லை. பொதுநிலைக் கழகத்தைப் பேணினார்; இதழ் நடத்தினார்; நூல்களை அச்சிட்டார்; பெரியதொரு நூலகம் திரட்டினார். முல்லைப்பாட்டுக்கும் பட்டினப்பாலைக்கும் முன்னரே ஆராய்ச்சியுரை எழுதியிருந்த அப்பெருமகன், பல்லாவரத்துக் குன்றடியில் வாழ்ந்த காலத்தில்தான் 1916-இல் தனித்தமிழ் நோக்கினை மேற்கொண்டு வேதாசலம் என்ற தம் பெயரை மறைமலை என்று தமிழாக்கிக்கொண்டார். வேதம் மறையாயிற்று, அசலம் மலையாயிற்று. 1950 செப்டம்பர் 15 அன்று மறையும்வரை பல்லாவரமே அவர் ஊர். 'மக்கள் நூறாண்டு உயிர் வாழ்க்கை' என 1933-இல் நூல் செய்தவர், நல்வாழ்வுக்கு உகந்த இடம் தேர்ந்தே குடியேறினார் என்று கருத இடமுண்டு.

அவருக்குப் பின் 1928-இல் மருத்துவர் சௌரிமுத்து தாம்பரத்தில் காசநோய் மருத்துவ நிலையத்தை நிறுவினார். இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளிடையே அத்தகைய நிலையம் நடத்திய பட்டறிவு அவருக்கு இருந்தது. அந்நாளில் காசநோய்க்குத் தக்க மருந்து கிடையாது. தூய காற்று, வெயில், ஓய்வு, நல்லுணவு ஆகிய நான்குமே மருந்து. சென்னைக்கு அண்மையில் அவை நான்கும் கிடைத்த இடம் இந்தக் குன்றடி. இன்றும் தொடர்வண்டி நிலையம் ஒன்று தாம்பரம் சானடோரியம் என்றே பெயர் தாங்கி நிற்கிறது. அந்நிலையத்தில் இறங்கும் ஆயிரக்கணக்கானோருள், அப்பெயர் இவ்வூர்க் காற்றுக்கு ஒரு மருத்துவர் அளித்த நற்சான்று என்பதை எண்ணுவோர் எத்தனை பேர்?

1931-இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்வண்டி ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவின் முதல் மின்வண்டித் தடம் அதுவே. 1937-இல் கிறித்தவக் கல்லூரி நகரின் நெரிசலை விட்டுச் சேலையூர்க் காட்டில் ஏறத்தாழ 375 ஏக்கர் நிலத்தில் வந்தமர்ந்தது. அடிகள் விட்டு வந்த கல்லூரி 26 ஆண்டுகள் கழித்து அவர் வந்த வழியிலேயே வந்து, பல்லாவரத்திற்கு அப்பால் குடிபுகுந்தது! வேதியியல் பேராசிரியர் எட்வர்டு பார்ன்சும் அவர் துணைவியாரும் அவ்வளாகத்தின் செடிகொடிகளைப் பயின்று, மரங்கள் நட்டு வளர்த்தனர். கல்லூரி கட்டியபோதும் புதர்க்காட்டின் பெரும்பகுதியை அழியாமல் காத்தனர். இப்பகுதியின் பழைய நிலம் எவ்வாறு இருந்தது என்பதை இன்று கண்ணாற் காண விரும்புவோர் அவ்வளாகத்திற்கே செல்ல வேண்டியுள்ளது.

அறிஞரும் மருத்துவரும் ஆசிரியரும் நிலத்தை மதித்து வந்தவர்கள். ஆனால் அவர்கள் வந்த தடத்தில் ஊரே வந்தது. வந்தவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அலுவலகம் நகரில், வாடகை அங்கே கட்டுபடியாகாது, மின்வண்டி உண்டு, மனை மலிவு. ஓர் எழுத்தர் வாழ்நாள் சேமிப்பைக் கொண்டு அரை மனை வாங்கினார்; நகையை அடகு வைத்துக் கூரை எழுப்பினார். அந்த மனை நேற்றுவரை ஆயக்கட்டாக இருந்தது என்றோ, தெருவாகக் காட்டியது வரத்துக் கால்வாய் என்றோ அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய நீர்க்கட்டிக்கோ அதற்குள் வேலை போயிற்று.

நான்கு ஆண்டுகளில் இரு பாடங்கள்

வயல் மனையானபின் ஏரிக்குப் பயனில்லை என்று கருதினர். பயனற்றதாகக் கருதிய இடத்தில் குப்பையும் கழிவுநீரும் சேர்ந்தன. பல்லாவரம் பெரிய ஏரியை ஆரச்சாலை ஒன்று இரு கூறாக்கியது. 1960-களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்திருந்ததாகக் கணக்கிடப்படும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சுருங்கிச் சிறு பகுதியாயிற்று. மலைகளும் தப்பவில்லை. கல்லுடைத்து வீதி போட்டனர். உடைத்த இடம் பள்ளமாயிற்று.

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அந்நீர் புது வழி எதையும் தேடவில்லை. பழைய கலங்கல்களைக் கடந்து, பழைய கால்வாய்களின் வழியே, பழைய வயல்களில் இறங்கியது. அவ்வழியில் அப்போது வீடுகள் இருந்தன. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மாடிகளில் நின்ற மக்களைப் படகில் ஏற்றி மீட்டனர். மீனம்பாக்கம் விமான நிலையம் சில நாட்கள் மூடிக் கிடந்தது. மக்கள் அதனை வெள்ளம் வந்தது என்றனர். நிலத்தின் பக்கம் நின்று சொன்னால், நீர் தன் வீட்டிற்குத் திரும்பி வந்தது.

நான்கே ஆண்டுகள் கழித்து, 2019 கோடையில் சென்னைக்கு நீர் வழங்கும் பெரிய ஏரிகள் வறண்டன. சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் குடிநீர் வந்தது. சிக்கராயபுரத்துக் கைவிடப்பட்ட கற்சுரங்கப் பள்ளங்களில் தேங்கிய நீரையும் எடுத்துத் தூய்மை செய்து வழங்கினர். மலையை வெட்டிய பள்ளமே ஏரியின் வேலையைச் செய்ய வேண்டி வந்தது.

தன் இயல்பு கெட்ட நிலமே பாலையாகும் என்பது இளங்கோவடிகள் கண்ட உண்மை. ஒரே ஊர் 2015-இல் மூழ்கியதும் 2019-இல் குடத்தோடு தெருவில் நின்றதும் அவ்வுண்மைக்கு உரை எழுதியதுபோல் ஆயிற்று. மழை குறைந்ததனால் மட்டும் பாலை தோன்றுவதில்லை. பெய்த மழையை நிறுத்தி வைக்கும் அறிவு குறைந்தாலும் பாலை தோன்றும்.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. 2019-ஆம் ஆண்டு வறட்சியின்போது சிட்லபாக்கத்து மக்கள் அரசு வரட்டும் என்று காத்திராமல், விடுமுறை நாட்களில் குடும்பத்தோடு மண்வெட்டி ஏந்தி ஏரியில் இறங்கினர். அதன்பின் அரசும் நிதி ஒதுக்கிச் சீரமைப்பை மேற்கொண்டது. செம்பாக்கம் ஏரியும் சீரமைப்புக் கண்டது. 2022-இல் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் உலக அளவில் போற்றத்தக்க ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. நன்மங்கலம் காப்புக்காட்டில், கைவிட்ட கற்பள்ளத்தின் பாறை இடுக்குகளில் கொம்பன் ஆந்தைகள் வாழ்கின்றன. இடம் கொடுத்தால் இயற்கை திரும்பி வரத் தயங்குவதில்லை.

கவிஞர் கடன்

இதில் இலக்கிய வட்டத்திற்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். தூர் வாருவது பொறியாளர் பணி. ஆக்கிரமிப்பை அகற்றுவது அரசின் பணி. உண்மையே. ஆயின் ஒரு பொருளைக் காப்பதற்கு முன் அதற்குப் பெயர் வேண்டும். மதகு, கலங்கல், தாங்கல், மடுவு, நீர்க்கட்டி என்னும் சொற்கள் வழக்கிழந்தபோதே அவை சுட்டிய பொருள்களும் காப்பாரற்றுப் போயின. கலங்கல் என்ற சொல் தெரிந்தவன் கலங்கலின் மீது வீடு கட்டமாட்டான். பிறன் கட்டினாலும் அஞ்சிக் குரல் கொடுப்பான். அச்சொல் தெரியாதவனுக்கு அது வெறும் கற்குவியல். சொல்லைக் காப்பவர் யார்? கவிஞரே அல்லரோ?

இன்று எழுதப்பெறும் கவிதைகளில் ஏரி வருகிறது, மலை வருகிறது, நிலவு அதில் விழுகிறது. எந்த ஏரி என்று கேட்டால் பல கவிதைகளில் விடை இல்லை. சங்கப் புலவர் நிலத்தைப் பெயர் சொல்லிப் பாடினர். அங்கே பூத்த பூவையும் மேய்ந்த பறவையையும் இன்னதென்று அறிந்து பாடினர். அவர்களைப் போற்றுவோர் அவர்கள் வழியையும் ஏற்றல் வேண்டும்.

ஆகவே அவையின் முன் மூன்று வேண்டுகோள்கள் வைக்கப்படுகின்றன. முதலாவது, வட்டத்தின் ஒவ்வோர் உறுப்பினரும் தம் வீட்டு வாயிலில் விழும் மழைநீர் எந்த ஏரிக்குச் சென்றது, இன்று எங்கே செல்கிறது என்று நடந்தே கண்டறிதல். இரண்டாவது, இவ்வூர்களில் உழுது வாழ்ந்த முதியோர் இன்னும் சிலர் உள்ளனர். அவர்கள் நாவில் வாழும் நீர்ச்சொற்களையும், கதைகளையும், ஊர்ப்பெயர் வரலாறுகளையும் அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்தல். மூன்றாவது, வட்டத்தின் திங்கட் கூட்டங்களுள் ஆண்டுக்கு ஒன்றையேனும் ஓர் ஏரிக்கரையில் கூட்டுதல். அரங்கின் மின்விசிறிக் காற்றில் படித்த முல்லைப்பாட்டை மழைக்கால மாலையில் கரைமீது அமர்ந்து படித்தால், உரையாசிரியர் எவரும் தராத விளக்கம் கிட்டும்.

மறைமலையடிகள் 1911-இல் பல்லாவரம் வந்தபோது நகரைத் துறந்து சிற்றூரைத் தேர்ந்தார். இன்று அங்கு வாழ்வோர் அவ்வாறு தேர்ந்தெடுத்துச் செல்லச் சிற்றூர் அண்மையில் இல்லை. இருக்கும் ஊரையே மீட்டாக வேண்டும். திருநீர்மலையில் ஆழ்வார் நீர் வடியக் காத்திருந்தார் என்பது பழைய கதை. நீர் வந்து தங்குவதற்கு இடம் ஒழித்துக் காத்திருப்பது இத்தலைமுறையின் கடமை. அடுத்த பத்தாண்டு மலர் வெளிவரும் நாளில், செம்பாக்கத்துக் கலங்கலில் வழியும் நீரின் ஓசையை நேரிற் கேட்டு எழுதிய ஒரு நல்ல கவிதையேனும் அதில் இடம்பெறுமாயின், இவ்வட்டம் தன் மண்ணுக்குச் செய்த கைம்மாறு அதுவாகும்.